பொறித்த எண்ணும் நிறுத்த எடையும்

கொல்லுப்பட்டறையில் கைச் சம்மட்டியின் எடை பற்றி யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஐந்து கிலோ என்று சொல்லி விற்ற சம்மட்டியின் மேல் ஐயம் வந்தால், பிடியைக் கழற்றித் தலையைத் தராசில் வைத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை அது. மோட்டாரில் ஓடும் இயந்திரச் சம்மட்டியை அப்படி நிறுக்க முடியாது. அதன் உடல் பல நூறு கிலோ, சில சமயம் பல டன். ஏறி இறங்கி அடிக்கும் தலை அந்த உடலுக்குள்ளேயே கைடுகளுக்கு நடுவில் சிக்கியிருக்கிறது. அதனால் தயாரித்தவர் சொன்ன எண்ணையே எடையாக எடுத்துக்கொள்கிறோம். பழைய இயந்திரம் நாலு கை மாறி வந்தாலும் அந்த எண்ணும் கூடவே வருகிறது. விற்பவர் சொல்கிறார், வாங்குபவர் நம்புகிறார், அஸ்திவாரம் போடும் கொத்தனாருக்கும் அதே எண் போய்ச் சேருகிறது.

அந்த எண் எவ்வளவு உண்மை? அதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். ஒரு நெம்புகோல், ஒரு குளியலறைத் தராசு, பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சம் இயற்பியல், அரை நாள் பொறுமை இருந்தால் போதும்.

எடையே பெயரான கதை

இயந்திரச் சம்மட்டியை அதன் விழும் எடையால் அழைக்கும் பழக்கம் நீராவிக் காலத்தில் வேரூன்றியது. அதற்கு முன் நீர்ச்சக்கரத்தில் ஓடிய சம்மட்டிகள் இருந்தன. நீண்ட மரக்கையின் ஒரு முனையில் இரும்புத் தலை இருக்கும். சக்கரத்தின் முட்டுகள் அதைத் தூக்கித் தூக்கிப் போடும். இந்த அமைப்பில் ஒரு பெரிய குறை இருந்தது. பட்டடையின் மேல் வைக்கும் இரும்பு தடிமனாக ஆக, தலை விழுவதற்கான தூரம் குறைந்துகொண்டே போகும். பலமான அடி எதற்குத் தேவையோ, அந்த வேலைக்கே அடி பலமிழந்துவிடும்.

1839ஆம் ஆண்டு, 'கிரேட் பிரிட்டன்' என்ற கப்பலின் துடுப்புச் சக்கரத்துக்குச் சுமார் 30 அங்குல விட்டமுள்ள அச்சு தேவைப்பட்டது. அதை அடித்து உருவாக்க எந்தப் பட்டறையும் முன்வரவில்லை. மான்செஸ்டர் அருகே பேட்ரிகிராஃப்ட்டில் பட்டறை நடத்திவந்த ஜேம்ஸ் நாஸ்மித்துக்கு இந்தச் செய்தி வந்தது. நேர்குத்தாக நின்று, நீராவியால் தூக்கப்பட்டு, நேராகக் கீழே விழும் சம்மட்டி ஒன்றை அந்த நவம்பரில் அவர் தன் குறிப்பேட்டில் வரைந்தார். கப்பல் பின்னர் திருகு விசிறிக்கு மாறியதால் அந்த அச்சே தேவையில்லாமல் போனது. ஆனால் யோசனை சாகவில்லை. பிரான்சின் லெ க்ரூசோவில் ஃபிரான்சுவா பூர்தோன் அத்தகைய சம்மட்டியைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். 1842இல் அங்கே போன நாஸ்மித் அதைக் கண்ணால் பார்த்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமையும் பெற்றார். ஒயின் கிண்ணத்தில் நிறுத்திய முட்டையின் ஓடு மட்டும் விரிசல் விடும்படி, கிண்ணம் உடையாமல் அடித்துக் காட்டுவது அவருடைய சம்மட்டிகளின் பேர்போன காட்சியாக இருந்தது.

நேராக விழும் பொருளுக்கு எடையும் உயரமும் தெரிந்தால் அடியின் ஆற்றல் தெரிந்துவிடும். அதனால் எடையே சம்மட்டியின் பெயராகிவிட்டது. 1861இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் குருப் ஆலை நிறுவிய 'ஃபிரிட்ஸ்' 50 டன். 1877இல் லெ க்ரூசோவில் ஷ்னைடர் ஆலை எழுப்பியது 100 டன். அது இன்றும் அந்த ஊரின் நுழைவாயிலில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. 1891இல் அமெரிக்காவின் பெத்லஹேம் ஆலை 125 டன் என்று அறிவித்து அதை முந்தியது.

இந்த வரிசையிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எந்த டன்? மெட்ரிக் டன் 1,000 கிலோ. பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ. அமெரிக்கர்களின் குறு டன் 907 கிலோ. 125 என்ற ஒரே எண், டன்னின் பொருளைப் பொறுத்து 113 மெட்ரிக் டன்னாகவும் இருக்கலாம், 127 மெட்ரிக் டன்னாகவும் இருக்கலாம். உலகின் மிகப் பெரிய சம்மட்டிக்கே இந்த நிலை என்றால், மூலையில் நிற்கும் சிறிய இயந்திரத்தின் எண்ணை அப்படியே நம்பலாமா?

கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

ஐந்து கிலோ கூடவோ குறையவோ இருந்தால் என்ன, இரும்பு நசுங்கினால் சரிதானே என்று கேட்கலாம். விடை தலையில் மட்டும் இல்லை, பட்டடையிலும் இருக்கிறது.

அடிக்கும் தலையின் ஆற்றல் என்பது அதன் நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது. 50 கிலோ தலை விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்தால் ஆற்றல் 900 ஜூல். இது முழுவதும் சிவந்த இரும்புக்குள் இறங்கிவிடுவதில்லை. தலை மோதும்போது பட்டடையும் கொஞ்சம் கீழே தள்ளப்படுகிறது. பட்டடை எவ்வளவு கனமோ அவ்வளவு குறைவாக அசையும். துள்ளாத மோதலாகக் கணக்கிட்டால், பட்டடை தலையைப் போல் 5 மடங்கு இருக்கும்போது ஆற்றலில் 83 விழுக்காடு இரும்புக்குப் போகிறது. 10 மடங்கு என்றால் 91, 20 மடங்கு என்றால் 95. மிச்சம் பட்டடை வழியாக அஸ்திவாரத்துக்கும், அங்கிருந்து தரைக்கும், பக்கத்து வீட்டுச் சுவருக்கும் போகிறது. அதனால்தான் பட்டடை குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 15 அல்லது 20 மடங்கு இருக்கட்டும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

50 கிலோ என்று நம்பி 500 கிலோ பட்டடையை நிறுத்திய ஒருவருடைய சம்மட்டித் தலை உண்மையில் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வேகம் அதேதான். தலையின் எடை கூடியது 30 விழுக்காடு. தரைக்குப் போகும் ஆற்றல் எவ்வளவு கூடும்? 50 கிலோவாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் 82 ஜூல் தரைக்குப் போகும். 65 கிலோவில் அது 135 ஜூல். ஏறக்குறைய 65 விழுக்காடு அதிகம். தலையும் கனத்தது, அதே பட்டடை அதற்கு முன் இளைத்தும் போனது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன. அடித்தளக் கான்கிரீட்டில் காரணம் தெரியாமல் விரிசல் விழுந்தால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

எடை குறைவாக இருந்தால் வேறு விதமான இழப்பு. 50 என்று சொன்னது 40 ஆக இருந்தால் அதே வேகத்தில் ஒவ்வொரு அடியிலும் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் இல்லை. ஆறு அடியில் முடிய வேண்டிய வேலை எட்டு அடியாகிறது. அதற்குள் இரும்பு ஆறிவிடுகிறது. மறுபடி உலை, மறுபடி கரி. வாங்கியவர் கொடுத்த பணம் 50 கிலோவுக்கு, கிடைத்தது 40.

எதையெல்லாம் சேர்ப்பது?

நிறுப்பதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'தலையின் எடை' என்றால் எதுவரை?

இயங்குதலையை ஆங்கிலத்தில் ரேம் என்றும் டப் என்றும் சொல்வார்கள். அதன் அடியில் இரும்பைத் தொடும் மேல் டை இருக்கிறது. டையை இறுக்கும் ஆப்பு இருக்கிறது. காற்றுச் சம்மட்டியாக இருந்தால் தலையோடு பிஸ்டனும் தண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். இரும்பின் மேல் மோதும் கணத்தில் தலையோடு உறுதியாகப் பிணைந்து, அதே வேகத்தில் ஓடிவரும் எல்லாமே அடிக்கும் எடைதான். ஆகவே டையையும் ஆப்பையும் பிஸ்டனையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஸ்பிரிங் வைத்த இயந்திரச் சம்மட்டியில் இந்த எல்லை அவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மன்கேட்டோ ஊரில் உருவான 'லிட்டில் ஜயன்ட்' சம்மட்டியை எடுத்துக்கொள்வோம். 25, 50, 100, 250, 500 பவுண்டு என்ற அளவுகளில் வந்த இந்த இயந்திரம் ஊர் ஊராகக் கொல்லர்களின் பட்டறைக்குள் நுழைந்தது. மேலே சுழலும் கிராங்க், அதிலிருந்து தொங்கும் ஸ்பிரிங்கும் இரண்டு கைகளும், அந்தக் கைகளின் முனையில் தலை. தலை எகிறும்போது ஸ்பிரிங் விரிந்து சுருங்கி, சாட்டையைச் சுழற்றி வீசுவதுபோல் அதைக் கீழே எறிகிறது. கைகளின் கீழ்முனை தலையோடு சேர்ந்து ஓடுகிறது, மேல்முனை வேறு கணக்கில் ஓடுகிறது. கைகளை முழுவதும் சேர்ப்பதா, பாதி சேர்ப்பதா, விட்டுவிடுவதா? தலை, டை, ஆப்பு ஆகியவற்றை மட்டும் 'அடிக்கும் எடை' என்று எழுதிவிட்டு, கைகளின் எடையைத் தனி வரியில் குறித்து வைப்பதே நேர்மையான வழி. எதைச் சேர்த்தோம் என்று எழுதாத எடையை இன்னொரு சம்மட்டியின் எடையோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

எண் ஏன் தடம் மாறுகிறது?

சொன்ன எடைக்கும் உள்ள எடைக்கும் இடையே வேறுபாடு வந்தாலே ஏமாற்று என்று எண்ணிவிடக் கூடாது. நேர்மையான காரணங்களே நிறைய உண்டு.

முதல் காரணம் அலகு. மான்செஸ்டரின் ஓப்பன்ஷா பகுதியில் மாசி நிறுவனம் செய்த சம்மட்டிகள் போன்ற பிரிட்டிஷ் இயந்திரங்கள் 'ஹண்ட்ரட்வெயிட்' என்ற அலகில் அளவு சொல்லும். நம் ஊர் ஆவணங்களில் அதுவே அந்தர். பிரிட்டனில் ஓர் அந்தர் 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. அமெரிக்காவில் அதே பெயருக்கு 100 பவுண்டு, 45.4 கிலோ. பத்து அந்தர் சம்மட்டியில் இந்த வேறுபாடு மட்டுமே 54 கிலோ.

இரண்டாவது காரணம், அந்த எண் பல சமயம் ஓர் அளவு வரிசையின் பெயராக இருப்பது. செருப்புக்கு ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் என்பதுபோல 25, 50, 100 என்று முழு எண்களில் வரிசைப்படுத்தினார்கள். வார்ப்பு அச்சில் வந்த தலை சரியாக 50.0 பவுண்டு இருக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து ராவிக்கொண்டிருக்கவில்லை.

மூன்றாவது காரணம் டை. 10 சென்டிமீட்டர் நீளம், 8 அகலம், 8 உயரம் உள்ள எஃகு டையின் கனஅளவு 640 கன சென்டிமீட்டர். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். ஆகவே டை மட்டுமே 5 கிலோ. 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோ சம்மட்டியில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். தேய்ந்த முகத்தை ஒரு சென்டிமீட்டர் சாணை பிடித்துத் தட்டையாக்கினால் 600 கிராமுக்கு மேல் குறைந்துவிடும். வேறு வேலைக்காக இரட்டிப்பு உயரமுள்ள டை போட்டால் 5 கிலோ கூடிவிடும். லிட்டில் ஜயன்ட் போன்ற இயந்திரத்தில் தலை கனத்தால் ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடியின் தாளம் கெடும்.

நான்காவது காரணம் பழுது. பல பத்தாண்டுகள் ஓடிய இயந்திரத்தில் தலை உடைந்து ஒட்டப்பட்டிருக்கலாம், வேறொரு சம்மட்டியின் தலை ஏறியிருக்கலாம், வார்ப்பிரும்பு இருந்த இடத்தில் எஃகுக் கட்டை உட்கார்ந்திருக்கலாம். தயாரித்தவர் பொறித்த எண் தயாரான நாளின் எண். இன்றைய எண்ணைத் தராசுதான் சொல்ல வேண்டும்.

முதலில் கை, பிறகு தராசு

100 கிலோ தலை 30 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால் அதற்குள் ஏறத்தாழ 300 ஜூல் ஆற்றல் தூங்குகிறது. அது விழுந்தால் கால் விநாடி. அந்த நேரத்தில் யாராலும் கையை இழுத்துக்கொள்ள முடியாது. ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும், சாவி நிறுப்பவரின் பையில் இருக்க வேண்டும். தலைக்கும் பட்டடைக்கும் நடுவில் கடினமான மரக்கட்டையை நிறுத்த வேண்டும். ஸ்பிரிங் இறுக்கத்தைத் தளர்த்திய பிறகே இணைப்பைக் கழற்ற வேண்டும். காற்றுச் சம்மட்டியில் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று தலையைத் தாங்கியோ மேலே உறிஞ்சியோ வைத்திருக்கலாம். வால்வைத் திறந்து இரு பக்கமும் காற்று சமமாகும்வரை காத்திருக்க வேண்டும். இது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, சரியான எடைக்கும் தேவை. உள்ளே வெற்றிடம் இழுத்துக்கொண்டிருக்கும் தலை தராசில் இலேசாகத்தான் காட்டும்.

நிறுக்கும் வழிகள்

எளிய வழி கழற்றி நிறுப்பது. 25 அல்லது 50 பவுண்டுச் சம்மட்டியின் தலையை இருவர் சேர்ந்து வெளியே எடுத்துவிடலாம். தலை, டை, ஆப்பு, போல்ட் எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வைத்தால் முடிந்தது. எடை முத்திரை புதுப்பிக்கப்பட்ட கடைத் தராசு என்றால் இன்னும் நல்லது.

இதைவிடப் பெரிய தலைகளுக்குத் தொங்கு தராசு உதவும். செயின் பிளாக்கின் கொக்கிக்கும் தலைக்கும் நடுவில் மின்னணுத் தராசை மாட்டித் தூக்க வேண்டும். இந்தத் தராசுக்குள் இருப்பது லோடு செல். ஓர் எஃகுத் துண்டின் மேல் மெல்லிய உலோக இழை ஒட்டப்பட்டிருக்கும். பாரத்தில் எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும்போது இழையும் நீளும். நீண்ட இழையின் மின்தடை மாறும். இழுத்தால் கம்பியின் மின்தடை மாறுகிறது என்பதை 1856இல் கெல்வின் பிரபு காட்டினார். ஒட்டும் இழையாக அதை 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவர் தனித்தனியே உருவாக்கினார்கள். மிகச் சிறிய அந்த மாற்றத்தை அளக்கும் நான்கு கை மின்சுற்றுக்கு வீட்ஸ்டன் பாலம் என்று பெயர். காய்கறிக் கடைத் தராசும், லாரியை நிறுக்கும் எடைமேடையும் இன்று இதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

பெரிய தராசு கிடைக்காத இடத்தில் நெம்புகோல் கைகொடுக்கும். வீட்டுக் குளியலறைத் தராசுகள் பல 150 கிலோவுக்கு மேல் தாங்காது. ஆனால் உறுதியான இரும்புச் சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையை உருளைக் கம்பியின் மேல் வைத்து, அங்கிருந்து 40 சென்டிமீட்டரில் தலையின் பாரம் இறங்கும்படியும், 160 சென்டிமீட்டரில் தராசு தாங்கும்படியும் அமைத்தால், தராசுக்குப் போவது பாரத்தில் நான்கில் ஒரு பங்குதான். 100 கிலோ தலைக்குத் தராசு 25 கிலோ காட்டும். சட்டத்தின் சொந்தப் பாரத்தை முதலிலேயே தனியாகக் குறித்துவைத்துக் கழித்துவிட வேண்டும். தொடும் மூன்று இடங்களிலும் உருளைக் கம்பி இருக்கட்டும். அகலமான கட்டையின் மேல் பாரம் இறங்கினால் அது எந்தப் புள்ளியில் இறங்குகிறது என்றே தெரியாது. 40 சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் எடையில் 2.5 விழுக்காடு பிசகிவிடும். அமைப்பு சரியா என்று பார்க்க ஒரு சிமென்ட் மூட்டையைத் தனியாக நிறுத்து, பிறகு அதே மூட்டையைத் தலையின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். நான்கில் ஒரு பங்கு வந்தால் நெம்புகோலை நம்பலாம்.

ஜாக்கியும் ஒரு தராசுதான். ஹைட்ராலிக் ஜாக்கியில் அழுத்தக் கேஜ் பொருத்தித் தலையைத் தாங்கினால், எண்ணெயின் அழுத்தத்தை பிஸ்டனின் பரப்பால் பெருக்கிப் பாரத்தைக் கண்டுவிடலாம். பாஸ்கல் விதி சொல்வது இதையே. 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 7.07 சதுர சென்டிமீட்டர். 100 கிலோ தலை அதன் மேல் நின்றால் கேஜ் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோவை ஒட்டிக் காட்ட வேண்டும். அதற்கு 25 வரை காட்டும் கேஜ் பொருந்தும். 700 வரை காட்டும் கேஜில் முள் அசைந்ததா என்றே தெரியாது.

தூக்கவே முடியாத ராட்சதத் தலைகளுக்கு அளவுநாடாவே தராசு. 25க்கு 25க்கு 80 சென்டிமீட்டர் கட்டை என்றால் 50,000 கன சென்டிமீட்டர். எஃகாக இருந்தால் 392 கிலோ, அடர்த்தி 7.2 உள்ள வார்ப்பிரும்பாக இருந்தால் 360 கிலோ. உலோகம் எது என்று தெரியாமல் கணக்குப் போட்டால் 32 கிலோ எங்கோ மறைந்துவிடும். ஒரு மூலையில் சாணை பிடித்துப் பொறியைப் பார்த்தால் அனுபவமுள்ள கொல்லர் எஃகா வார்ப்பிரும்பா என்று சொல்லிவிடுவார். பட்டடையின் எடையைக் கணக்கிடவும் இதே முறைதான்.

ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று

தலையைக் கழற்றாமல் இயந்திரத்தில் வைத்தே நிறுப்பவரை ஒரு கள்வன் ஏமாற்றுவான். அவன் பெயர் உராய்வு. தலை இறுக்கமான கைடுகளுக்கு நடுவே ஓடுகிறது. அதை மேலே தூக்கும்போது உராய்வு கீழே இழுக்கிறது, தராசு கூடுதலாகக் காட்டும். கீழே இறக்கும்போது உராய்வு மேலே பிடிக்கிறது, தராசு குறைவாகக் காட்டும். அசையாமல் நிற்கும்போது இரண்டுக்கும் நடுவில் எந்த எண் வேண்டுமானாலும் வரலாம். ஒரே தலையை மூன்று முறை நிறுத்து மூன்று எடை வந்தால் தராசைத் திட்ட வேண்டியதில்லை.

பிடிப்பதற்கு வழியும் உராய்வின் குணத்திலேயே இருக்கிறது. அது எப்போதும் அசைவுக்கு எதிராகவே நிற்கும். மெதுவாக, ஒரே சீராக மேலே தூக்கிக்கொண்டே ஓர் எண்ணைக் குறியுங்கள். அதே நிதானத்தில் இறக்கிக்கொண்டே இன்னோர் எண்ணைக் குறியுங்கள். ஏற்றத்தில் 31 கிலோ, இறக்கத்தில் 27 கிலோ என்றால் சராசரியான 29 கிலோதான் உண்மை எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி, 2 கிலோ, உராய்வு. ஒரே சோதனையில் இரண்டு விடை. அந்த 2 கிலோ அடுத்த ஆண்டு 6 ஆனால் கைடு இறுகிவிட்டது, எண்ணெய் போகவில்லை என்று பொருள். எடை பார்க்கப் போய் இயந்திரத்தின் உடல்நலமும் தெரிந்துவிடுகிறது. ஜாக்கி முறையிலும் இதே ஏற்ற இறக்கச் சராசரி தேவை. அங்கே ஜாக்கியின் சீல் உராய்வும் சேர்ந்துகொள்ளும்.

தராசு சொல்லாதவை

சரியாக நிறுத்த எடையும் எல்லாச் சம்மட்டிக்கும் முழுக் கதையைச் சொல்லிவிடாது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் பிராட்லி நிறுவனம் செய்த சம்மட்டிகள் சிலவற்றில் தலை ஒரு நீண்ட மரக்கையின் முனையில் இருக்கும். கை ஓர் அச்சில் ஊசலாடும். தலைக்கு அடியில் தராசை வைத்தால் அது தலையின் எடையோடு கையின் பாரத்தில் ஒரு பகுதியையும் காட்டும். ஒரு முனையில் அச்சுள்ள, சீரான 30 கிலோ கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் தராசு காட்டுவது 15 கிலோ. ஆனால் அந்தக் கட்டை வீசி அடிக்கும்போது மறுமுனையில் 10 கிலோ நிறைபோலவே மோதும். நிற்கும் பாரம் பாதி, அடிக்கும் நிறை மூன்றில் ஒன்று.

கை அச்சுக்குப் பின்னாலும் நீண்டிருந்தால் புதிர் இன்னும் கூடும். துலாக் கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது கையறிவு. துலாவின் பின்முனையில் கட்டிய பாறாங்கல் சாலைத் தூக்கும் கைக்குப் பாரத்தைக் குறைத்துவிடும். ஆனால் துலாவைச் சட்டென்று ஆட்டி நிறுத்தப் பார்த்தால் அதே கல் எவ்வளவு முரண்டு பிடிக்கும்! பின்பாரம் தராசின் எண்ணைக் குறைக்கிறது, அசைவுக்கான நிறையைக் கூட்டுகிறது. அதனால் இப்படி ஊசலாடும் கையுள்ள இயந்திரங்களில் தலையைக் கழற்றித் தனியே நிறுப்பதுதான் சரி.

'இது எத்தனை டன் அடி அடிக்கும்?' என்று இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். அதற்கு ஒரே விடை கிடையாது. அதே 900 ஜூல் அடி, மெத்தென்று சிவந்த இரும்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கி நின்றால் சராசரி விசை 9 டன் பாரத்துக்குச் சமம். ஆறிப்போன இரும்பில் 2 மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் 45 டன்னுக்கும் மேல். சம்மட்டி ஒன்றேதான், இரும்பு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் விசையை நிர்ணயிக்கிறது. ஆறிய இரும்பை அடிப்பது இயந்திரத்தை ஏன் கொல்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம். டன்னில் அளவு சொல்ல வேண்டியது அழுத்தி நசுக்கும் பிரஸ். சம்மட்டிக்குரிய அளவுகள் விழும் எடையும் அடியின் ஆற்றலும்தான். ஆற்றலை நேரடியாக அறிய, ஒரே அளவில் வெட்டிய ஈயம் அல்லது செம்பு உருளையை ஓர் அடி அடித்து, எவ்வளவு குட்டையானது என்று அளக்கும் வழக்கம் உண்டு. ஓடும் சம்மட்டியின் அடியில் மட்டும் எந்தத் தராசையும் வைக்கக் கூடாது. நிற்கும் பாரத்துக்குச் செய்த கருவி ஒரே அடியில் சிதறிவிடும்.

எழுதி வையுங்கள்

தன் சம்மட்டியின் எடையைக் கொல்லர் அறிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. பட்டடை எவ்வளவு பெரிதாக வேண்டும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழமாக வேண்டும், ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்க வேண்டும், என்ன விலை கொடுக்கலாம் என்ற நான்கு கேள்விகளுக்கும் அடிப்படை அந்த ஓர் எண். பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே தலையை நிறுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். நேர்மையாக விற்பவர் மறுக்க மாட்டார்.

நிறுத்த பிறகு ஒரு சிறிய வேலை மிச்சம் இருக்கிறது. இயந்திரத்தின் உடலில், கண்ணில் படும் இடத்தில், பெயின்டால் மூன்று வரி எழுதுங்கள்: தலையும் டையும் ஆப்பும் சேர்ந்த எடை இவ்வளவு கிலோ, பட்டடையின் எடை இவ்வளவு கிலோ, நிறுத்த தேதி இன்னது. டை மாற்றினால் முதல் வரியை அழித்துப் புதிதாக நிறுத்து எழுதுங்கள். அடுத்து அந்த இயந்திரத்தின் முன் நிற்கப் போகிறவர் உங்கள் மகனாக இருக்கலாம், முகம் தெரியாத ஒரு கொல்லராகவும் இருக்கலாம். நீங்கள் நிறுத்து எழுதிய எண் அவருடைய கைக்கும் பட்டறைக்கும் காவலாக இருக்கும்.